கோட்டையும் குடியிருப்பும்

செஞ்சியைச் சூழ்ந்த சிற்றூர்களுள் தொண்டூரும் ஒன்று. பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போன்ற குன்றுகள் அவ்வட்டாரம் எங்கும் காணப்படும். தொண்டூரை அடுத்த பாறைக் குகை ஒன்றில் சமண முனிவர் தங்குவதற்கென வெட்டப்பட்ட கற்படுக்கைகள் உள்ளன. அவற்றைச் சார்ந்து, தமிழ்ப் பிராமி எனப்படும் பழைய எழுத்தில் ஒரு சிறு கல்வெட்டும் உளது. அஃது ஏறத்தாழக் கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர் ஆராய்ச்சியாளர். ஒருவர் ஏவ, அகழூரைச் சார்ந்த மோசி என்பார் இவ்விருப்பிடத்தை அமைத்துக் கொடுத்தார் என்பதே அக்கல்வெட்டுக் கூறும் செய்தி. மன்னன் பகைவரை வென்றதையோ, பொன்னை வாரி வழங்கியதையோ அது கூறவில்லை. தங்குவதற்கு இடம் வேண்டியவர்க்கு ஒருவர் இடம் செய்து கொடுத்தார், அவ்வளவே. அவ்வூரின் மிகப் பழைய எழுத்து இருப்பிடம் பற்றியதாய் அமைந்தது எண்ணத்தக்கது.

சமணத் துறவியர் ஓரிடத்தில் நிலைத்துத் தங்குவதில்லை. ஊர்தோறும் நடந்து அறம் உரைப்பர். மழைக்காலத்தில் மட்டும், பூச்சி புழுக்களை மிதித்துக் கொல்லாதிருத்தற்பொருட்டு, ஓரிடத்தில் அமர்ந்திருப்பர். ஆதலின் அவர்க்குக் கூரையாக ஒரு பாறையும், உடல் கிடத்த ஒரு படுக்கையும் போதியவாயின. மனைவி மக்களோடு வாழும் இல்லறத்தார்க்கோ அவை போதா. அவர்க்கு வேண்டும் இருப்பிடம் எத்தகையது? இவ்வினாவிற்கு விடை காண, தொண்டூரிலிருந்து செஞ்சிக் கோட்டைக்குச் செல்லுதல் தகும்.

இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்து எழுப்பிய பெருமதிலே செஞ்சிக் கோட்டை. இராசகிரியின் உச்சி ஏறத்தாழ 800 அடி உயரம் உடையது. மதிலுக்குள் நெற்களஞ்சியங்கள் உண்டு. குதிரை இலாயங்கள் உண்டு. கோடையிலும் நீர் வற்றாத சுனைகளும் குளங்களும் உண்டு. கல்யாண மகால் என்னும் அடுக்குமாளிகையும், வேங்கடரமணர் கோயிலும், சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் உண்டு. நாயக்க மன்னர் ஆண்ட காலத்தில் அஃது ஒரு பெருநகராய் விளங்கியது. 1597ஆம் ஆண்டில் அங்கு வந்த பிமெண்டா என்னும் போர்ச்சுகீசியப் பாதிரியார், லிஸ்பன் நீங்கலாகத் தம் நாட்டில் இத்துணைப் பெரிய நகரம் வேறில்லை என்று கருதினார்.

இத்தகைய நகரத்தில் குடியிருந்தவர் எவ்வாறு வாழ்ந்தனர்? 1649 முதல் 1761 வரையுள்ள 112 ஆண்டுகளில் அக்கோட்டை பீசப்பூராரிடமும், மராத்தியரிடமும், முகலாயரிடமும், ஆர்க்காட்டு நவாபிடமும், பிரெஞ்சுக்காரரிடமும், ஆங்கிலேயரிடமும் கைமாறியது. 1690இல் தொடங்கிய முகலாயர் முற்றுகை 1698இல்தான் முடிந்தது. எட்டு ஆண்டுகள் வெளியில் பகைவர் பாசறை, உள்ளே பசி. 1714இல் தேசிங்கு போரில் மாண்டான். அவன் வீரத்தைப் பாடும் கதைப்பாடல் நாடெங்கும் பரவியது. அப்போர் நடந்தபோது கடையை அடைத்துவிட்டுக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய வணிகரையும் நெசவாளரையும் பாடினார் எவரும் இலர். 1750இல் கோட்டையைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படையினர் பலர், போரில் அல்லாது காய்ச்சலில் மாண்டனர். மதில் பகைவரைத் தடுத்ததே ஒழியக் காய்ச்சலைத் தடுக்கவில்லை.

படை இருந்தவரை அதன் சம்பளத்தை நம்பிக் கடைத்தெருவும் இருந்தது. படை அகன்றபின் பிழைப்பும் அகன்றது. இன்று கோட்டைக்குள் களஞ்சியம் நிற்கிறது. அதில் நெல் இல்லை. மாளிகை நிற்கிறது, அதில் விளக்கு ஏற்றுவார் இல்லை. 2025ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில், மராத்தியரின் கோட்டைகளோடு ஒன்றாகச் செஞ்சியும் சேர்க்கப்பட்டது. காண வருவோர் பலர். குடியிருப்பார் ஒருவரும் இலர். உயிருள்ள செஞ்சி, மதிலுக்கு வெளியே, திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையை ஒட்டி, கடைகளும் பள்ளிகளும் நெல் மூட்டை ஏற்றிய வண்டிகளும் நிறைந்ததாய் இயங்குகிறது. அரண் சூழ்ந்த ஊர் கலைந்து, அரண் இல்லாத ஊர் நிலைத்தது வியப்பன்றோ?

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். குடியிருப்பவனுக்கு வேண்டும் காவல் மதிலால் வருவதன்று. நாளை இவ்வீட்டைவிட்டு எழுந்து போகவேண்டியதில்லை என்னும் உறுதியும், கூப்பிடு தொலைவில் ஒரு பிழைப்பும் அவனுக்கு வேண்டும். அவ்வுறுதியை அவன் தன் வருவாய்க்குள் பெறுதல் வேண்டும். விலை மிகுந்த இடத்தில் வாங்கிய வீடு, கடனை அடைக்க இயலாதபோது கைவிட்டுப் போகும். ஆகவே குறைந்த விலை என்பது உறுதியின் ஒரு கூறே ஆகும்.

நிலைத்த குடியிருப்பு ஒன்றை அயலார் ஒருவர் எவ்வாறு அறிவது? வீடுகளின் அழகைப் பார்த்து அறிதல் அரிது. தெருமுனை மளிகைக் கடையில் சற்று நேரம் நின்றால் அறியலாம். கடைக்காரர் மேசை அறையில் நீண்ட குறிப்பேடு ஒன்று இருக்கும். அதில் வீட்டுக்கு ஒரு பக்கம். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பற்று எழுதி, மாதம் பிறந்ததும் வரவு வைப்பார். எழுத்து ஒப்பந்தம் இல்லை, பிணை இல்லை. இவர் அடுத்த மாதமும் இத்தெருவில் இருப்பார் என்னும் நம்பிக்கை ஒன்றே அக்கணக்கின் முதல். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுச் செல்வதுபோல எதிர்வீட்டில் விட்டுவிட்டு ஒரு தாய் வேலைக்குச் செல்கிறாள். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஒரு குடும்பம் திருமணத்திற்குப் போகிறது. ஒரு முதியவர் தெருவில் தளர்ந்து அமர்ந்தால், அவர் இன்னார் வீட்டவர் என்று பள்ளிச் சிறுவனும் அறிந்து ஓடிச் சொல்கிறான். இவற்றுள் ஒன்றேனும் கட்டட வரைபடத்தில் இடம் பெறுவதில்லை. பணம் கொடுத்து வாங்கவும் இயலாது. பல ஆண்டுகள் ஒரே தெருவில் வாழ்ந்தவர்க்கே இவை வாய்க்கும்.

வாடகை வீட்டில் வாழ்வோருக்கு இவை கிட்டுதல் கடினம். நகரங்களில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் பதினொரு மாதத்திற்கே எழுதப்படுகிறது. ஒப்பந்தம் முடியுந்தோறும் வாடகை உயரும். இல்லையேல் வேறு வீடு தேடவேண்டும். வீடு மாறினால் முகவரி மாறும். குடும்ப அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் திருத்தம் செய்யவேண்டும். பிள்ளைகள் பள்ளி மாறவேண்டும். புதிய பள்ளியில் இடம் கிடைக்கும். பழைய தோழர் கிடையார். புறம்போக்கு நிலத்தில் குடிசை இட்டு வாழ்வோரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்க்கு ஒப்பந்தமும் இல்லை. என்று அகற்றுவார்களோ என்னும் அச்சத்தோடு உறங்குபவர் செங்கல் வாங்கிச் சுவர் எழுப்பத் துணியார். குடிசை குடிசையாகவே கிடப்பதற்கு அவர்தம் வறுமை மட்டும் காரணமன்று, அச்சமும் காரணம்.

இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு சென்னையில் ஒரு முயற்சி நடைபெற்றது. தொண்டூரும் செஞ்சியும் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்க, சென்னையை இங்குக் கூறுவானேன் எனின், அவ்வட்டாரங்களிலிருந்து பிழைப்புத் தேடிப் புறப்படுவோர் பலர் சென்று சேரும் ஊர் அதுவே. அவர்கள் அங்கு எவ்வாறு வேரூன்றினர் என்பதை அறிதல் வேண்டும்.

1977ஆம் ஆண்டில், உலக வங்கியின் கடனுதவியோடு, சென்னையின் எல்லையிலிருந்த அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் ஒரு புதுவகைத் திட்டம் தொடங்கப்பட்டது. வீடு கட்டிக் கொடுப்பது அத்திட்டத்தின் முதல் நோக்கமன்று. மனை ஒன்றைப் பிரித்து, அதற்குச் சாலை, தண்ணீர், கழிவுநீர் வசதி ஆகியவற்றை அமைத்து, சிறு தொகையாகத் தவணையில் செலுத்துமாறு குடும்பத்திடம் ஒப்படைத்தனர். மிகச் சிறிய மனை ஏறத்தாழ ஒரு சென்ட் அளவினது. அதாவது நானூற்றுச் சொச்சம் சதுர அடி. சில மனைகளில் கழிவறையும் தண்ணீர்க் குழாயும் மட்டுமே இருந்தன. சிலவற்றில் ஓர் அறை எழுப்பப்பட்டிருந்தது. எஞ்சியதைக் குடியிருப்பவரே தம் கைப்பொருளுக்கு ஏற்பக் கட்டிக்கொள்ள வேண்டும். இதில் ஒரு நுட்பமும் உண்டு. பெருஞ்சாலையை ஒட்டிய பெரிய மனைகளையும் கடை மனைகளையும் மிகுந்த விலைக்கு விற்று, அவ்வூதியத்தால் உள்தெருவிலிருந்த சிறு மனைகளின் விலையைக் குறைத்தனர். ஆகவே வசதி படைத்தவரும் கூலித் தொழிலாளரும் ஒரே நகரில், இரண்டு தெரு இடைவெளியில், குடியமர நேர்ந்தது.

தொடக்க ஆண்டுகளில் இத்திட்டத்தைப் பாராட்டியவர் குறைவு. மனை பெற்ற பலர் உடனே வந்து குடியேறவில்லை. வேலி இல்லாத வெட்டவெளியில் கழிவறைகள் மட்டும் வரிசையாய் நின்றன. வந்தவர்கள் எழுப்பியதும் ஓலைக் கூரையே. தவணைப் பணம் பலரிடம் நிலுவையாய் நின்றது. நகரத்தின் நடுவிடம் தொலைவில் இருந்தது. இதனைக் கண்டோர் திட்டம் தோற்றது என்று தீர்ப்புக் கூறினர். அத்தீர்ப்பு அவசரத் தீர்ப்பு என்பதைக் காலம் காட்டியது.

மனை தமக்கு உரியது என்பது உறுதியானபின் மக்கள் கட்டத் தொடங்கினர். அவர்கள் கட்டிய முறையே தனி. ஓர் ஆண்டு, சேமித்த பணத்தில் முன்சுவர் எழும்பும். மறு ஆண்டு, சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் ஓலை நீங்கி ஓடோ கல்நார்த் தகடோ ஏறும். மகனுக்கு வேலை கிடைத்தால் மொட்டைமாடி அமையும். மகளின் திருமணத்திற்குமுன் வெளிப்பூச்சும் வண்ணமும் வரும். மாடியில் மேலும் ஓர் அறை எழுந்து, அது வாடகைக்கு விடப்படும். கீழ்த்தளத்தின் முன்னறையில் தையல் இயந்திரம் ஓடும். அல்லது காலை வேளையில் இட்டலி விற்கப்படும். கட்டி முடித்தது எப்போது என்று கேட்டால் அவ்வீட்டார்க்கு விடை சொல்லத் தெரியாது. ஒருவேளை இன்னும் முடியவில்லை என்பர். ஒரு வீட்டின் செங்கல் அடுக்குகளைக் கொண்டே அக்குடும்பத்தின் நாற்பது ஆண்டு வரலாற்றைப் படித்துவிடலாம்.

அதற்குள் நகரமும் அவர்களை நோக்கி வளர்ந்து வந்தது. 1996இல் கோயம்பேட்டில் பெருஞ்சந்தை அமைந்தது. 2002இல் அதனருகே வெளியூர்ப் பேருந்து நிலையம் வந்தது. 2015இல் அரும்பாக்கத்தில் மெட்ரோ இரயில் நிலையமே திறக்கப்பட்டது. தொலைவென்று ஒதுக்கப்பட்ட இடம் நடுவிடம் ஆயிற்று. 2018இல் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று, சென்னையிலும் மும்பையிலும் உள்ள இத்தகைய குடியிருப்புகளை இருபது ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் ஆராய்ந்து, தோல்வி என்று கருதப்பட்டவை வெற்றியாய் முடிந்தன என்று காட்டியது. வெவ்வேறு வருவாயுடையோர் அங்கே கலந்து வாழ்வதையும், வீடுகள் படிப்படியாய் வளர்ந்ததையும் அது சிறப்பாகக் குறித்தது. ஆயினும் ஒரு குறையை மறைத்தல் ஆகாது. இடத்தின் மதிப்பு உயர்ந்ததும், மனையை விற்றுவிட்டு அகன்றவர் உண்டு. 1977இல் ஏழைக்கு எட்டிய விலை இன்று ஏழைக்கு எட்டாது. அன்று வேரூன்றியவர் பிழைத்தனர். இன்று புதிதாய் வருபவர்க்கு அத்தகைய மனைகள் வேறிடத்தில் தோன்றினாலன்றி வழியில்லை.

மனையை அளிக்காது வீட்டையே கட்டி அளிப்பதும் உண்டு. 1961இல் அமைந்த வீட்டுவசதி வாரியமும், குடிசைகளை மாற்றி அமைக்க 1970இல் தோன்றிய வாரியமும் எண்ணற்ற வீடுகளைக் கட்டியுள்ளன. பின்னதற்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. 2000ஆம் ஆண்டுமுதல், கூவம் முதலிய நீர்நிலைகளின் கரைகளில் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் நகரின் தெற்கெல்லையில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களுக்கு மாற்றப்பட்டன. கண்ணகி நகரில் மட்டும் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. சுவர் உறுதியானது, கூரை ஒழுகாதது, விலையோ மிகக் குறைவு. எனினும் மக்கள் துன்புற்றனர். மீன் விற்றவர், பூக் கட்டியவர், வீட்டு வேலை செய்தவர் ஆகியோரின் பிழைப்பு பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. பேருந்துக் கட்டணத்திற்கே கூலியின் ஒரு பகுதி கரைந்தது. பழைய பள்ளி தொலைவானதால் படிப்பை விட்ட பிள்ளைகள் உண்டு. பழைய தெருவில் எதிரெதிரே வாழ்ந்தவர்கள் வெவ்வேறு கட்டடங்களுக்குப் பிரிந்து போயினர். முகவரியைக் கேட்டதும் வேலை தரத் தயங்கியோரும் இருந்தனர். ஓர் ஊரின் பெயரைக் கொண்டு அங்கு வாழும் மக்களை எடை போடுதல் அறிவுடைமை ஆகுமா? அவ்வூரில் வளர்ந்த மாணவி ஒருத்தி, 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் இடம் பெற்றாள். தன் ஊர்ப் பெயரை மறைக்காது கூறினாள். இருபத்தைந்து ஆண்டு கடந்த அக்குடியிருப்பில் இரண்டாம் தலைமுறை வேர்விடத் தொடங்கியிருக்கிறது.

விலையும் பிழைப்பும் பொருந்தினும், அயலார் யார் என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. தமிழ்நாட்டு ஊர்களில் நெடுங்காலமாகச் சாதிக்கு ஒரு தெரு. சிலர்க்கு ஊர், சிலர்க்குச் சேரி. தலைமுறை தலைமுறையாய் ஒரே இடத்தில் வாழ்ந்தும், தண்ணீர்த்துறையிலும் சுடுகாட்டிலும் பிரிந்து நின்ற குடியிருப்பை முழுதும் நிலைபெற்ற குடியிருப்பு என்று எங்ஙனம் கூறுவது? இக்குறையை நீக்கும் நோக்குடன் 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவுச் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. ஒவ்வொரு சமத்துவபுரத்திலும் நூறு வீடுகள். அவற்றுள் நாற்பது ஆதிதிராவிடர்க்கும், இருபத்தைந்து பிற்படுத்தப்பட்டோர்க்கும், இருபத்தைந்து மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கும், பத்துப் பிற வகுப்பினர்க்கும் உரியவை. ஒரே வகைச் சுவர், ஒரே வகைக் கூரை, குழாய் பொது, சுடுகாடும் பொது. இத்தகைய குடியிருப்புகள் மாநிலமெங்கும் இருநூற்றுக்கும் மேல் அமைந்தன. செஞ்சி அடங்கிய விழுப்புரம் மாவட்டத்திலேயே, வானூர் ஒன்றியத்துக் கொழுவாரியில், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் ஒரு சமத்துவபுரம் திறக்கப்பட்டது.

கொழுவாரியில் நூறு குடும்பங்கள் ஒரே காலத்தில் குடிபுகுந்தன. அரசு கொடுக்கக்கூடியவற்றை எல்லாம் திறப்பு நாளன்றே கொடுத்துவிடலாம்: சுவர், கூரை, சாலை, குழாய், விளக்கு. எதிர்வீட்டுப் பிள்ளையை மடியில் அமர்த்திச் சோறூட்டும் உரிமையை எந்த ஆணையும் கொடுத்துவிட இயலாது. ஒருவர் வீட்டு இறப்புக்கு மற்றவர் அடுப்பு எரியாதிருப்பதும், ஒருவர் வீட்டுத் திருமணத்தில் மற்றவர் பந்தி பரிமாறுவதும், ஆண்டுகள் பல சென்றபின்னரே இயல்பாகும். அரும்பாக்கத்தின் சிறு மனைகள் தெருக்களாய் மாற ஏறத்தாழ இருபது ஆண்டு பிடித்தது. கொழுவாரியின் தெருக்களுக்கு வயது மிகக் குறைவு. அங்கே முதல் வகுப்பில் ஒன்றாகச் சேர்ந்த பிள்ளைகள் பள்ளியிறுதித் தேர்வு எழுதும் காலத்தில் ஒருவர் வீட்டிற்கு ஒருவர் அழையாமலே நுழைகின்றனரா என்பதைக் கொண்டே அக்குடியிருப்பை அளக்க வேண்டும்.

தொண்டூர்க் குகையின் கற்படுக்கையில் இன்று எந்தத் துறவியும் உறங்குவதில்லை. அதைச் செய்து கொடுத்த மோசியைப் பற்றி, அவர் அகழூரார் என்பதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. செஞ்சியில் முடி சூடியவர்களின் மாளிகைகள் வெறுமையாய்க் கிடக்க, அவ்வகழூர் இன்றும் செஞ்சி வட்டாரத்தில் அகலூர் என்னும் பெயரோடு ஓர் ஊராகவே இருக்கிறது. தமிழ்ச் சமணக் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. காலையில் வாசல் தெளித்துக் கோலம் இடுகின்றனர். பிள்ளைகள் புத்தகப் பையோடு பள்ளிக்குப் புறப்படுகின்றனர்.